எதிராளி: கொளஞ்சிநாதன்

அந்தக் கடிதங்களை எழுதியது நான்தான். பதினொன்றும் என் கையெழுத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் யூனிட்டிலும் தெருவிலும் வேறு யார் யார் பெயரையோ சொல்லியாகிவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த பெண்தான் எழுதிக் கொடுத்தாள் என்றார்கள். ஏதோ கட்சிக்காரர்கள் என்றார்கள். ஆதிலட்சுமி அக்காவுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் எவன் என்றுகூடக் கேட்டார்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற, நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத அன்புக்கரசியை ஒருவரும் நினைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

எனக்கு இருபத்து மூன்று வயது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மை யூனிட்டில் ஆறு வருடமாகப் பிசிறு எடுக்கிறேன். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் செய்து சூளைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஷெட்டில் பதினோரு பெண்கள். ஒருவர்கூட ஒருவருக்குச் சொந்தமில்லை. நல்ல சினேகிதம் என்றும் சொல்ல முடியாது. ஸ்டூலுக்குச் சண்டை, ஃபேனுக்குச் சண்டை, நல்ல கத்திக்குச் சண்டை. ஒரே ஒரு நேரம் மட்டும் ஷெட்டில் சத்தமே இருக்காது. வியாழக்கிழமை மதியம், முதலாளி சாப்பிடப் போன பிறகு.

சூளையில் கோணிப்போன ஒரு ஜாடி உண்டு. ஆதிலட்சுமி அக்கா தன் போனை அதற்குள் வைப்பாள். சத்தம் கூடுதலாகக் கேட்கும். "இது வயது வந்தவர்களுக்கு மட்டும்" என்று ஒரு பெண் குரல் தொடங்கும். பிறகு கதை. கதவைச் சாத்திய பிறகு ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நடக்கிறதைச் சொல்லும் கதைகள். அசிங்கமாக இருக்காது. ஆனால் ஒளிக்கவும் மாட்டார்கள். நாங்கள் பொம்மையைச் சுரண்டிக்கொண்டே கேட்போம். எங்கள் எல்லாருக்கும் மூத்தவள் ராஜாம்பாள். அவள் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். ஆனால் கதை முக்கியமான இடத்துக்கு வந்தால் அவள் கத்தி நின்றுவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கதை முடிந்ததும் அந்தக் குரல் வேறு ஒன்று சொன்னது. டெல்லியில் புதிதாக விதிகள் கொண்டுவரப் போகிறார்கள், இப்போது வரைவுதான். வயது வந்தவர்களுக்கான கதையோ படமோ ஆடியோவோ எதுவானாலும் முன்கூட்டியே ஒரு குழுவிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கேட்கிறவர்களும் ஆதாரைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். முப்பது நாளுக்குள் ஆட்சேபணை எழுதி அனுப்பலாம். போதுமான பேர் எழுதாவிட்டால் இந்தக் கதைகள் நின்றுபோகும்.

ஆதார் என்றதும் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பதிவு செய்தால் ஓடிபி வரும். எங்கே வரும்? ஆதாரில் என்ன நம்பர் இருக்கிறதோ அங்கே. ஷெட்டில் பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு அது புருஷன் நம்பர். எனக்கு அண்ணன் நம்பர். ராஜாம்பாளுக்கு மகன் நம்பர். ஆதிலட்சுமி அக்காவின் ஓடிபி, பதினைந்து அடி தள்ளி சூளைக்குப் பக்கத்தில் நிற்கும் கொளஞ்சிநாதனின் சட்டைப் பையில் போய் மணியடிக்கும். அவளுடைய வீட்டுக்காரர்தான் எங்கள் யூனிட்டில் சூளை பார்ப்பவர்.

ராஜாம்பாள் சிரித்தாள். "போயி கேளுங்கடி, ஏங்க, அந்த ஆறு நம்பரு சொல்லுங்க, நாங்க கதை கேக்கணும்னு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து ஃப்ளோரா வந்தாள். சட்டம் படித்தவள். அந்தக் கதைகளை நடத்துகிற பெண்களில் ஒருத்தி. ஊர் ஊராகப் போய் ஆட்சேபணை எழுத வைத்துக்கொண்டிருந்தாள். விருத்தாசலத்தில் அவளுக்கு யாரும் இடம் தரவில்லை. அவள் தன் ஆட்கள் என்று நம்பிப் போன மாதா கோயில் ஹாலிலும், என்ன கூட்டம் என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்களாம். கல்யாண மண்டபத்துக்காரர் போலீசுக்குச் சொல்லட்டுமா என்றாராம். கடைசியில் ஜங்ஷனில், ஆள் வராத கடைசி பிளாட்பாரத்தில், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடினோம். ஏழு பேர் போனோம். கதை சொல்கிற குரல் அவளுடையது இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிட்டது.

அவளுக்கும் எங்களைப் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். மணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று என்றாள். கருத்துரிமை என்றாள். மாதிரிக் கடிதம் ஒன்று கொடுத்தாள். அதை அப்படியே எழுதி அனுப்பிவிடுகிறோம் என்றதற்கு எரிச்சலானாள். "காப்பி எடுத்து அனுப்பினா நூறு லெட்டரையும் ஒரே லெட்டர்னு எண்ணுவாங்க. இது உங்களுக்கு ஏன் வேணும்னு உங்க வார்த்தையில எழுதுங்க" என்றாள். பிறகு கடலூர் வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஏன் வேண்டும் என்று எழுதுவது. அது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவள் என்று என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த மனு ஒன்றுதான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இரண்டு வருடம் மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகிற வழியில், என் சித்தியின் பூக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோயிலுக்குப் பிராது கட்ட வருவார்கள். குறையை ஒரு தாளில் எழுதி, சாமியிடம் வைத்து, முனியப்பர் சன்னதியில் வேலில் கட்டிவிடுவார்கள். களவு போனது, ஏமாற்றினது, அடித்தது, வைத்துக்கொண்டது எல்லாம் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். அதற்கு ஒரு முறை உண்டு. மனுதாரர் பெயர், வயது, ஊர், அங்கிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர். பிறகு எதிராளி பெயர், தகப்பன் பெயர், தெரு, கதவு எண். சாமி ஆள் மாறிப் போய்விடக்கூடாது அல்லவா. அதற்குக் கீழே குறை. மடித்துக் கட்டிவிட்டால் அதை யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். அதனால் ஒருவரும் பொய் சொல்ல மாட்டார்கள். நான் எழுதிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டு என் எதிரிலேயே எல்லாவற்றையும் சொல்வார்கள்.

நான் அதே முறையில்தான் எழுதினேன். வேறு முறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அமைச்சகத்தின் முகவரியை மேலே போட்டேன். டெல்லிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போனில் பார்த்து அதையும் எழுதினேன். "பிராது மாதிரியே இருக்குதே" என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. நான்கு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொருத்தியாக என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாமியிடம் சொல்கிற மாதிரி சொன்னார்கள்.

யார் மேல் பிராது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கவர்மெண்ட்டு மேல என்றார்கள். ஆதிலட்சுமி அக்கா மட்டும், ஒரு குதிரையின் வயிற்றைச் சுரண்டிக்கொண்டே, "எங்க வூட்டு ஆளு மேல போடு" என்றாள். போட்டேன். கொளஞ்சிநாதன், தகப்பன் பெயர், தெரு, கதவு எண். பிறகு அவள் பேசினாள். அன்றைக்குச் சாப்பாட்டு மணி முடிந்தும் பேசினாள். எழுதி முடித்து, அவளிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் படித்துப் பார்க்கவில்லை. சாமிக்கு எழுதினால் யார் படித்துப் பார்க்கிறார்கள்?

கடைசி நாள் ராஜாம்பாள் வந்து உட்கார்ந்தாள். நான் திகைத்துப் போனேன். இந்தக் கருமாந்திரத்தை எல்லாம் அடியோடு தடை பண்ணச் சொல்லி எழுது என்றாள். ஊர்ப் பெண்கள் கெட்டுப் போகிறார்கள், வேலை கெடுகிறது, வியாழக்கிழமை பாதிப் பொம்மையில் கோடு அப்படியே நிற்கிறது என்றெல்லாம் சொன்னாள். அவள் சொன்னதில் ஓர் எழுத்தை மாற்றவில்லை. பதினோராவது கடிதம் அதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.

ஜூன் மாதம், பிள்ளையார் சீசன் தொடங்கி ஷெட் முழுக்க இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பிள்ளையாராக இருந்தபோது, அமைச்சகம் தனக்கு வந்த ஆட்சேபணைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துத் தன் இணையதளத்தில் போட்டுவிட்டது. அப்படிப் போடுவார்கள் என்று ஃப்ளோராவுக்குத் தெரியும். எங்களுக்கு அவள் சொல்லவில்லை. அல்லது சொல்லி, நாங்கள் வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆதிலட்சுமி அக்காவின் கடிதம் இருந்தது. முதல் நாலு வரி மட்டும் தெரிகிற மாதிரி யாரோ அதைப் படம் எடுத்து எங்கள் பகுதி வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். எதிராளி கொளஞ்சிநாதன், கதவு எண் உட்பட. கீழே சிரிக்கும் பொம்மைகள் எழுபது எண்பது.

ஃப்ளோரா எனக்குப் போன் செய்தாள். அவள் போட்ட சத்தத்தில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். புருஷன் பெயரையும் விலாசத்தையும் எழுதச் சொன்னது யார், எதிராளி என்றால் என்ன அர்த்தம், வரைவுக்கு ஆட்சேபணை எழுதச் சொன்னால் புருஷன் மேல் கேஸ் எழுதுவார்களா என்றாள். இந்த ஒரு கடிதத்தைக் காட்டியே மற்ற ஆயிரம் கடிதத்தையும் கேலி செய்வார்கள் என்றாள். நீக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறாளாம். மூன்று வாரம் ஆகும். "படிச்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று முடித்தாள்.

கொளஞ்சிநாதன் அன்று சாயங்காலமே ஆதிலட்சுமி அக்காவின் துணிகளை இரண்டு கட்டைப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டார். எட்டாவது படிக்கும் அவர்கள் பெண் வெண்பாவை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டார். அக்கா சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்தாள். அவள் இந்தப் பக்கம் ஷெட்டில், அவர் அந்தப் பக்கம் சூளையில். பொம்மைப் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் சூளை வரை போவாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குவார்.

என்னிடம் அவள் ஒரே கேள்வி கேட்டாள். "கெவர்மெண்ட்டு இத ஊருக்கே ஒட்டும்னு தெரிஞ்சுதான் எழுதினியா?" தெரியாது என்று தலையாட்டினேன். "தெரியாம எழுதுறவ கையில என் வூட்ட குடுத்தேன் பாரு" என்றாள்.

ஷெட்டில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவரவர் கடிதத்தை யாராவது தேடிப் பிடித்துவிடுவார்களோ என்று பயம். ராஜாம்பாளுக்கு மட்டும் கொண்டாட்டம். அவள் கடிதமும் ஐந்து பக்கம் தள்ளி இருந்தது. மகனிடம் சொல்லி அதை எடுத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினாள். டெல்லியிலேயே ஏற்றுக்கொண்டார்கள் என்றாள். அவள் கடிதமும் என் கையால் எழுதினது என்பதால் அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தது என் அண்ணன். குரூப்பில் வந்த நாலு வரியைப் பார்த்து, இது நம்ம வீட்டு மளிகைச் சீட்டில் இருக்கிற எழுத்து அல்லவா என்று கண்டுபிடித்துவிட்டான். வீட்டில் தேடி, நான் எனக்கென்று எழுதி வைத்திருந்த நோட்டுகளில் இரண்டை எடுத்தான். என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்கவில்லை. கிழித்து அடுப்பில் வைத்தான். பிறகு அவனே போய்க் கொளஞ்சிநாதனிடம் சொன்னான், எங்கள் வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டிக்கொள்வதற்காக.

அதில் கொளஞ்சிநாதனுக்கு ஒரு வழி கிடைத்தது. அவர் கெட்டவர் என்று நான் எழுதினால் சுலபமாக இருக்கும். குடிக்க மாட்டார். பொண்டாட்டியை அடித்தார் என்று யாரும் சொன்னதில்லை. சூளைச் சூட்டைப் பார்த்தே சொல்கிற ஆள். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முதலாளி அமிர்தசாமியிடம் போய்ப் பேசினார். இருவரும் சேர்ந்து ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்தார்கள். மேற்படி கடிதத்தில் உள்ள எதையும் நான் சொல்லவில்லை, எழுதத் தெரிந்த சக தொழிலாளி என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டாள் என்று அதில் இருந்தது. ஆதிலட்சுமி அக்கா கையெழுத்துப் போட்டால் அதைக் குரூப்பில் போடுவார்கள். அவள் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், பெண்ணோடு இருக்கலாம். என்னை வேலையிலிருந்து நிறுத்துவார்கள், ஸ்டேஷனில் ஒரு புகாரும் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வீட்டுப் பக்கம் அவள் வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளையார்கள் காய்கிற முற்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். முதலாளிக்கு ஒரு நாற்காலி. நான் ஒன்று முடிவு செய்திருந்தேன். என்னால்தான் அவள் வீடு போனது. திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒரே ஒரு பொய் இருந்தது. அதைச் சொல்லிவிடுவது.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏம்மா, நீதான் எழுதினதா?" என்றார்.

தலையாட்டினேன். ஆதிலட்சுமி அக்காவைக் காட்டி, அந்தம்மா சொல்லித்தானே எழுதினாய் என்று கேட்டார். இத்தனை பேருக்கு நடுவில் நான் பேசியதே கிடையாது. ஆனாலும் வந்துவிட்டது. "இல்லிங்க. நானாத்தான் எழுதினேன். அக்கா எதுவும் சொல்லல."

"ஊமைக்கு வாயி வந்துட்டுது" என்றாள் ராஜாம்பாள்.

கொளஞ்சிநாதன் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். தோள் இரண்டும் இறங்கின. முதலாளி தாளை அட்டையில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி ஆதிலட்சுமி அக்காவிடம் நீட்டினார். அவள் கை இன்னும் களிமண்ணாக இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கவில்லை.

"அதுல என்னா இருக்குதுன்னு தெரியாம எப்பிடி இல்லன்னு கையெழுத்துப் போடுறது? படிங்க மொதலாளி."

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார் கொளஞ்சிநாதன். முதலாளியும் தயங்கினார். ஆனால் அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், அடுத்தவரையும் போடச் சொல்லமாட்டார். கடிதத்தின் பிரிண்ட் அவர் பையில் இருந்தது. எடுத்துப் பிரித்தார்.

அவர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். தாள் கையில் வந்ததும் குரல் தானாக மாறிவிட்டது. முற்றம் முழுக்கக் கேட்கும்படி, விலாசத்தை மட்டும் தாண்டிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வாசித்தார்.

"மனுதாரர், ஆதிலட்சுமி, வயது முப்பத்தெட்டு. எதிராளி, என் கணவர் கொளஞ்சிநாதன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. எதிராளி தன் போனில் பார்க்கும் படங்களை இதுவரை யாரும் தடுக்கவில்லை. புது விதி வந்தாலும் அவருக்குக் கஷ்டம் இல்லை, நம்பர் அவருடையது. நான் காதால் கேட்கும் கதைக்கு மட்டும் அவரிடம் ஓடிபி கேட்க வேண்டி வரும். ஒரு கதையில் ஒரு பெண் தன் கணவனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்கிறாள்."

நிறுத்தினார். சூளைப் பக்கம் பார்த்தார்.

"போதுங்க மொதலாளி" என்றார் கொளஞ்சிநாதன்.

"படிங்க" என்றாள் அக்கா.

முதலாளி குரலை இறக்கிக்கொண்டு படித்தார். இப்போது வாசகக் குரல் இல்லை. "அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறான். அப்படி ஒரு ஆண் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் கணவர் சில சமயம் நான் சொல்வதைக் கேட்பதில்லை. இந்தக் கதைகளை நிறுத்திவிட்டால் எனக்குப் பின்னால் வருகிறவளுக்கும் இது தெரியாமல் போய்விடும். ஆகவே தடுக்க வேண்டாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. குரூப்பில் வந்தது முதல் நாலு வரிதான். இதை யாரும் படித்திருக்கவில்லை. கொளஞ்சிநாதனும் படித்திருக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. தன் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தியிருக்கிறார்.

"இதுல ஒண்ணு தப்பு" என்றாள் அக்கா.

"அதான், நீ சொல்லல இல்ல?" என்றார் முதலாளி அவசரமாக. பேனாவை மறுபடி நீட்டினார்.

"சொன்னேன். எல்லாம் நான் சொன்னதுதான். சில சமயம் கேக்கறதில்லன்னு இருக்குது பாருங்க, அது மட்டும் நான் சொன்னதில்ல. ஒரு நாளும் கேட்டதில்லன்னு சொன்னேன். பதினாறு வருஷத்துல ஒரு நாளும் கேட்டதில்ல. இவ மாத்திட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. "நீ யாருடி, என் வாயில வந்தத உன்னுதுன்னு சொல்ல? அன்னிக்கு எழுதும்போது கொறச்ச. இன்னிக்கு மொத்தமா இல்லன்ற. நீயே இப்பிடி வெட்டறப்ப, கெவர்மெண்ட்டு வெட்ட வேணாம்னு எதுக்கு எழுதின?"

அவள் சொன்னது உண்மை. அன்றைக்கு அந்த வரி வந்தபோது என் பேனா நின்றது. கதவு எண்ணை எழுதக் கூச்சப்படாத எனக்கு, 'ஒரு நாளும்' என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அரசாங்கத்துக்குப் போகிற கடிதத்தில் அவ்வளவு இருக்க வேண்டாம் என்று நினைத்து, ஒரு பெரியமனுஷியைப் போல, அதைக் கொஞ்சம் சுரண்டிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. ராஜாம்பாளின் கடிதத்தில் ஓர் எழுத்தைத் தொடாதவள்தான் நான்.

கொளஞ்சிநாதன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் சொல்லியிருக்கலாம். பொய் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். "வூட்டுப் பக்கம் வந்துடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சூளைக்குப் போனார்.

"வரல. வெண்பாவ சாயங்காலம் ஸ்கூல்லேந்து நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள், அவர் முதுகைப் பார்த்து. அவர் திரும்பவில்லை. சாயங்காலம் அவள் போய் நின்றபோது, அவர் அங்கே தடுக்க வரவும் இல்லை.

முதலாளி அந்த அடித்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். யாரை வேலையை விட்டு நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை. பிள்ளையார் சீசன் வேறு. போய் வேலையைப் பாருங்கள் என்றார். ஒரே ஒரு மாற்றம், ஷெட்டில் இனி யார் போனும் இருக்கக்கூடாது. வாசலில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். அடுத்த வியாழக்கிழமை முதலாளி சாப்பிடப் போனதும் ராஜாம்பாள் இரண்டு முறை வாசல் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஃபேனை யார் திருப்பினது என்று சண்டை பிடித்தாள்.

டெல்லியில் வரைவு இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். ஃப்ளோரா சொன்னாள். கடிதத்தை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லலாம் என்று ஆதிலட்சுமி அக்காவின் ஸ்டூல் பக்கம் போனேன். அதுவரை பத்து நாளாக அவள் என்னிடம் பேசவில்லை.

"எடுத்துட்டாங்களா? யார கேட்டு எடுத்தாங்க?" என்றாள். "தாள எடு. மறுபடி எழுது."

தேதி முடிந்துவிட்டது, அனுப்பினாலும் எண்ண மாட்டார்கள் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய்த் தாளை எடுத்து வந்தேன். மனுதாரர் பெயர், வயது எழுதினேன். ஊர் என்ற இடத்தில் சேத்தியாத்தோப்பு என்று போடச் சொன்னாள். எதிராளி என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"கெவர்மெண்ட்டுன்னு போடு. அவுரு கதை முடிஞ்சிபோச்சு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த முறை நாலு வரிக்கு ஒரு தரம் நிறுத்தி, படித்துக் காட்டச் சொன்னாள். சரி என்று சொல்லவில்லை, ம் என்று மட்டும் சொன்னாள். முடித்ததும் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வைத்தாள். படித்தேன். கடைசி வரியில் கையை நீட்டித் தடுத்தாள்.

"பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்னு வருதே, அத நான் சொன்னனா?"

"இல்லக்கா."

"எடு."

எடுத்துவிட்டு மறுபடி படித்தேன்.